சோற்றுத் தட்டும் மரைன் டிரைவும்

கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடலையும் ரயில் பாதையையும் ஒட்டி ஓடும் மரைன் டிரைவில், விடியற்காலை ஐந்தரைக்கே நடைக்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், கடை திறக்குமுன் ஒரு சுற்று வந்துவிட நினைக்கும் வியாபாரிகள், சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்துப் போட்ட அம்மாமார். பேச்சு சுற்றிச்சுற்றி சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்ற மூன்றுக்குத்தான் வரும். அதில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. ஒரு மணித்தியாலம் வேர்க்க விறுவிறுக்க நடந்தால் வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடலாம் என்பது ஒன்று. சோற்றைக் குறைக்காமல் காலைத் தேய்ப்பதில் என்ன பலன் என்பது மற்றது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். எடை எதனால் குறையும் என்பது ஒரு கேள்வி. உடம்பு எதனால் நோயின்றி இருக்கும் என்பது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் ஆறு மாதம் விடாமல் நடந்துவிட்டு, தராசின் முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

கொழும்பில் இந்த வழக்கு வெறும் அழகைப் பற்றியது இல்லை. 2005-2006இல் நடந்த இலங்கை நீரிழிவு, இருதய நோய் ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நகர்ப்புறத்தில் 16.4 சதவீதத்தினருக்கும் கிராமங்களில் 8.7 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருப்பதைக் கண்டது. அதற்குப் பின் அகஞ்சுரப்பியியல் நிபுணர் நோயல் சோமசுந்தரமும் அவரது குழுவினரும் கொழும்பு நகரவாசிகளிடம் நடத்திய ஆய்வில் அந்த எண் 27.6 சதவீதமாக இருந்தது. அதாவது, கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் நால்வரில் ஒருவருக்குச் சீனி வருத்தம். இன்னொருவர் அதன் வாசற்படியில் நிற்கிறார்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் ஐந்து கிலோமீற்றர் நடந்தால் ஏறக்குறைய 230 கலோரி செலவாகும். அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த நேரத்தில் 65 கலோரி போயிருக்கும். ஆகவே நடையின் உண்மையான செலவு 160, 165 கலோரிதான். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி உண்டு. நடந்து முடிந்த கையோடு கடையில் ஒரு ரோல்ஸும், பால்மாவும் சீனியும் போட்ட தேநீரும் எடுத்தால் அந்த மணித்தியாலத்தின் கணக்கு தீர்ந்துவிடும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பில் இருக்கிறது. அதை நடந்தே கரைக்க, சாப்பாட்டில் ஒரு பருக்கை கூடாமல், நாற்பத்தைந்து நாளுக்கு மேல் நாள் தவறாமல் நடக்க வேண்டும். சாப்பாட்டை மாற்றாமல் வாரம் 150 முதல் 250 நிமிடம் வரை உடற்பயிற்சி செய்பவர்களுக்குச் சராசரியாக இரண்டு, மூன்று கிலோதான் குறைகிறது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் தொகுத்துச் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

இன்னும் வியப்பான செய்தி தன்சானியாவிலிருந்து வந்தது. அங்குள்ள ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள்; நாள் முழுவதும் நடப்பவர்கள். மானுடவியலாளர் ஹெர்மன் பொன்ட்சர் அவர்களின் தினசரிச் சக்திச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார். உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், மேசைக்கு முன் உட்கார்ந்து வேலை செய்யும் மேற்கத்தையரின் செலவிலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை. அதிகம் உழைக்கும் உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடித்து மொத்தச் செலவை ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம். அதை எல்லோரும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கூடுதலாக நடந்த ஒவ்வொரு கிலோமீற்றரும் அப்படியே எடைக் குறைவாக மாறும் என்ற எளிய நம்பிக்கை அதற்குப் பின் நிற்கவில்லை.

அப்படியானால் நடை வீணா? இதற்கு நம் பக்கத்துப் பழைய ஆய்வு ஒன்று பதில் வைத்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் 213 தொழிலாளரை ஜோன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இரண்டு வங்காளிச் சகாக்களும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். கடும் உழைப்பாளிகள் உழைப்புக்கு ஏற்ப அதிகம் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. லேசான வேலைக்காரர்கள் அளவோடு சாப்பிட்டார்கள். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களோ, லேசாக வேலை செய்தவர்களை விட அதிகம் சாப்பிட்டு, எல்லோரிலும் பருத்தவர்களாக இருந்தார்கள். உடம்பு அசையாத நிலைக்குப் போய்விட்டால் பசியின் கணக்கே பிழைத்துப்போகிறது என்பது அதன் பொருள். காலையில் காரில் ஏறி, கந்தோரில் உட்கார்ந்து, லிஃப்டில் ஏறி வீடு சேரும் வெள்ளவத்தைக் குடும்பத் தலைவரின் நிலை அந்தக் கடைக்காரர்களின் நிலைதான். நடை நேராகக் கரைக்கும் கொழுப்பு கொஞ்சம்; பசியைத் தன் எல்லைக்குள் வைத்திருக்க அது செய்யும் உதவி அதைவிடப் பெரிது.

இனித் தட்டு.

காலி வீதியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் மத்தியானப் பார்சலை அவிழ்த்துப் பார்க்கலாம். லஞ்ச் சீற்றின் முக்கால் இடத்தைக் குவிந்த சோறு பிடித்திருக்கும். ஒரு கரண்டி பருப்பு, ஒரு கரண்டி உருளைக்கிழங்குப் பிரட்டல், கட்டைவிரல் பருமனில் ஒரு மீன் துண்டு, சோற்றின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டதுபோல் கொஞ்சம் வல்லாரைச் சம்பல், மேலே ஒரு அப்பளம். சோற்றுக்குக் கறியாக வந்ததும் கிழங்கு, கூட வந்த அப்பளமும் மாவு. இரவில் அதே வயிற்றுக்கு இடியப்பமும் கிழங்குச் சொதியும், அல்லது புட்டும் வாழைப்பழமும், அல்லது பாணும் பருப்பும், அல்லது கொத்து ரொட்டி. பெயர் மாறுகிறது, மாவு மாறுவதில்லை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ரணில் ஜயவர்தனவும் சகாக்களும் இலங்கை வயதுவந்தோரின் சாப்பாட்டை அளந்து வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் காட்டுகிறது. ஒரு நாளைக்கு மாப்பொருள் 14 பரிமாறல்களுக்கு மேல். மரக்கறி 1.73. பழம் 0.43. சேர்க்கப்படும் சீனி 3.5. நாளுக்கு ஐந்து பரிமாறல் பழமும் மரக்கறியும் சாப்பிடுபவர்கள் நூற்றுக்கு 3.5 பேர் மட்டுமே. சக்தியில் 71 சதவீதம் மாப்பொருளிலிருந்து வருகிறது. கொழுப்பிலிருந்து 19 சதவீதம்தான். டொக்டர் சொன்னார் என்று தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சொதியைத் தண்ணீராக வைத்து, ஆனால் சோற்றைப் பழைய அளவிலேயே போட்டுக்கொள்ளும் வீடுகள் ஏராளம். இந்த எண்களைப் பார்த்தால் அவர்கள் பழியைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறார்கள். கொழும்புத் தமிழ் வீட்டில் எடைக்கும் சீனிக்கும் முதலில் விடை தேட வேண்டிய இடம் சோற்றுக் குவியல்தான். சிவப்புப் பச்சை அரிசியும் குரக்கனும் நல்லவையே, நார்ச்சத்து கூடியவையே. ஆனால் குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது சரியில்லை; கலோரியில் அதற்கும் வெள்ளை மாவுக்கும் பெரிய தூரம் கிடையாது.

சீனியில் அரசு செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டும். 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று அப்போது விதித்தார்கள். 2017 நவம்பரில் சீனியின் கிராம் கணக்குக்கே வரி வந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் வீட்டுத் தேநீர்க் கோப்பையில் வட்டமும் இல்லை, வரியும் இல்லை. ஒரு தேக்கரண்டி சீனியில் 20 கலோரி. கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 250 கலோரி. மரைன் டிரைவில் ஒன்றரை மணித்தியாலம் நடக்கிற கணக்கு அது. யாரும் அதைச் சாப்பாடாக எண்ணுவதே இல்லை.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்த சஷ்டி ஆறு நாளும் பால் பழத்தோடு இருப்பவர்களுக்கு எடை குறையத்தான் செய்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடும் முறையை இப்போது உலகமெங்கும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான ஒப்பீடுகளில், அதே அளவு கலோரியை வழக்கமான முறையில் குறைப்பதைவிட அது மேலதிகமாக எதையும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஒருபொழுதுக்காரர் மத்தியானம் வாழை இலையில் வடை, பாயசத்தோடு எழும்பினால், அன்று விரதம் உண்டு, குறைப்பு இல்லை.

சோற்றைக் குறை என்று சொல்வது எளிது. அந்த இடத்தில் என்ன வைப்பது? இங்கேதான் ஆலோசனைப் பத்திரங்கள் மௌனமாகிவிடுகின்றன. மீனும் முட்டையும் கடலையும் கீரையும் வைக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் கொட்டாஞ்சேனை வீடுகளில் முதலில் தட்டைவிட்டு இறங்கியது மீனும் பால்மாவும். கடைசிவரை நின்றது சோறும் பாணும். வயிற்றை நிரப்பும் மலிவான வழி மாப்பொருள் என்றிருக்கும்வரை, உணவுக் கட்டுப்பாடு என்பது மனவுறுதியைப் பற்றிய பேச்சு மட்டுமாக இருக்க முடியாது. நெத்தலி, சூடை, பயறு, கௌபி, முருங்கையிலை, கங்குன் போன்ற, விலை ஓரளவு தாங்கக்கூடிய பொருட்களைச் சுற்றித்தான் இந்த நகரத்துக்கான உணவுத் திட்டத்தை எழுத வேண்டும். ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தால் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக் குடும்பத்துக்குப் பயனில்லை.

முழு நாடும் ஒரே நேரத்தில் குறைவாகச் சாப்பிட்டு அதிகம் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோவியத் உதவி நின்றபின் 1991 முதல் 1995 வரை கியூபாவில் உணவும் எரிபொருளும் தட்டுப்பட்டன. அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை விநியோகித்தது. மக்கள் சராசரியாக 5.5 கிலோ மெலிந்தார்கள்; நீரிழிவாலும் இருதய நோயாலும் ஏற்பட்ட மரணங்கள் குறைந்தன. நிலைமை தேறியதும் எடை திரும்பி வந்தது, நீரிழிவும் கூடவே வந்தது. அந்த ஆண்டுகள் மக்களுக்குக் கொடியவை. ஊட்டக்குறைவால் கண் பார்வையை இழந்தவர்கள் உண்டு. அதை மருந்தாக யாரும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் தட்டும் காலும் சேர்ந்து மாறும்போது ஒரு சமூகத்தின் நோய்க் கணக்கே சில ஆண்டுகளில் மாறும் என்பதை அது காட்டிவிட்டது.

அடுத்து உடம்பின் உள்ளே பார்க்க வேண்டும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். யுட்கின் மரதன் ஓடுபவர்; யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சி, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுமுன் ஓடிப்போய் ஏறுவதுதான் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். தெற்காசிய உடல் பார்க்க மெலிவாக இருந்தாலும் தசை குறைந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது. அதனால்தான் ஆசியர்களுக்கு அந்தக் குறியீட்டில் 25க்குப் பதிலாக 23இலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள்; இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80 சென்டிமீற்றர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நாற்பது வயதுக்காரர், தன்னை ஒல்லி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தராசைவிடத் தையல்காரரின் அளவுநாடா உண்மை சொல்லும்.

இந்த உடம்புக்கு நடை செய்வது என்ன என்பதை 1953இலேயே லண்டன் பஸ்களில் கண்டார்கள். ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர், இரட்டைத்தட்டு பஸ்களில் நாளெல்லாம் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்து ஓட்டிய சாரதிகளைவிட இருதய நோய் குறைவாக வருவதை எடுத்துக்காட்டினார். பின்னர் சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களுக்கே நோய் குறைவு.

தட்டையும் நடையையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை சீனாவின் டா சிங் நகரில் 1986இல் தொடங்கியது. நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேர், ஆறு ஆண்டுகள். எந்தத் தலையீடும் இல்லாத குழுவில் 67.7 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவுக் குழுவில் 43.8, உடற்பயிற்சிக் குழுவில் 41.1, இரண்டும் செய்த குழுவில் 46.0. வென்றவர் தோற்றவர் என்று சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம். சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 2006இல் வெளியிட்ட சோதனை நமக்கு இன்னும் அருகில் வருகிறது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. திருத்தாதவர்களில் 55 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு அசையாத மூன்று ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் நோயிலிருந்து தப்பியிருக்கிறார்கள். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும்; ஈரலிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு எடை குறையாமலே குறையலாம். மரைன் டிரைவில் சோர்ந்துபோன நடைக்காரருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

குறைத்த எடை திரும்பாமல் இருப்பது மூன்றாவது கேள்வி. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு மெலிந்த 14 பேரை, கெவின் ஹோல் ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார். பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடல் ஓய்வில் செலவிடும் சக்தியோ எதிர்பார்ப்பைவிட நாளைக்கு 500 கலோரி குறைந்திருந்தது. திரும்பாமல் காத்துக்கொண்டவர்கள், அதிகம் அசைந்தவர்கள். 1994இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், சுமார் 14 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் சாப்பாட்டை மாற்றித்தான் இறங்கினார்கள். மிகப் பெரும்பாலானோர் நாளைக்கு ஒரு மணித்தியாலம்வரை அசைந்துதான் அங்கேயே நிற்கிறார்கள். உணவைக் குறைத்து மட்டும் மெலியும்போது போகிற எடையில் ஏறத்தாழ கால்வாசி கொழுப்பல்லாத பகுதி. அதில் தசையும் அடங்கும். முன்னமே தசை குறைந்த நம்மவருக்கு அது கட்டாத வியாபாரம். ஐம்பது வயது அம்மாவுக்கு நடையோடு கூட, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பதும், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவதும் தேவை என்று கிளினிக்கில் சொல்வதே அரிது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத குடாநாட்டில் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள் மிதித்த தலைமுறை அது. அந்தக் காலுக்கு ஏற்றதாக இருந்த புட்டின் அளவு கொழும்புக்கும் கூடவே வந்தது, சைக்கிள் வரவில்லை. வந்த இடத்திலோ சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும். இருட்டோடு எழுந்து வீதியில் நடப்பது போர்க்காலம் முழுவதும் வெள்ளவத்தைத் தமிழருக்குப் பாதுகாப்பான பழக்கமாக இருக்கவில்லை. இன்று மரைன் டிரைவில் அவர்கள் அச்சமில்லாமல் நடப்பதே ஒரு பேறு.

கொட்டாஞ்சேனைக்கு அந்தப் பேறும் இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் கரை துறைமுகத்துக்குச் சொந்தம். ஜம்பட்டா வீதியிலும் பொன்ஜீன் வீதியிலும் லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே உடற்பயிற்சிக்கென்று நடக்க இடமில்லை. மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. வேலை முடித்து, பிள்ளைகளைப் பார்த்து, இரவுச் சமையலுக்குள் நுழையும் ஒரு பெண் அங்கே போய்வர முடியாது. 2015இன் நாடளாவிய சுகாதார ஆய்வு, போதிய உடலுழைப்பு இல்லாதவர்களில் பெண்களே அதிகம் என்று கண்டது. அவர்களைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். பாடசாலை மைதானங்களை மாலை ஆறு முதல் எட்டு மணி வரை வெளிச்சம் போட்டுப் பெண்களுக்குத் திறந்துவிட மாநகர சபையால் முடியும்.

2011இலிருந்து சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாக எடை, இரத்த அழுத்தம், சீனி பார்க்கிறது. நடுவயது ஆண்கள் அங்கே போவது குறைவு. வேலை நாளின் பகல் நேரத்தில் திறந்திருப்பது அதற்கு ஒரு காரணம். டொக்டர் மகேன் விஜேசூரிய தலைமையில் கொழும்பு நகர்ப்புறத்தில் நடந்து 2017இல் வெளியான சோதனை இன்னொரு வழியைக் காட்டியது. 40 வயதுக்கு உட்பட்ட 3,500க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மறு பகுதிக்கு வருடத்துக்கு ஒருமுறையும் உணவு, நடை பற்றி ஆலோசனை சொன்னார்கள். அடிக்கடி கேட்டவர்களுக்கு நோயின் முன்னறிகுறிகள் குறைவாக வந்தன. வித்தியாசம் சிறியது, ஆனால் உறுதியானது. சொன்னவர்கள் விசேட வைத்தியர்கள் அல்லர், அதற்கென்று பயிற்சி பெற்ற இளைஞர்கள். கொட்டாஞ்சேனையில் தமிழ் பேசும் பத்துப் பெண்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்து, கையில் ஓர் அளவுநாடாவோடும் ஒரு சோற்றுக் கோப்பையோடும் வீடுவீடாக அனுப்ப ஆகும் செலவு, ஒரு சிறுநீரக நோயாளிக்கு வருடம் முழுவதும் டயாலிசிஸ் செய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.